ராஜா கையெழுத்து: அசலா, அச்சா?

உள்ளங்கையில் அடங்கும் அட்டை. அதில் பழுப்பேறிய ஒரு படம்: தலைப்பாகை, முத்துமாலை, விறைப்பான பார்வை. கீழே மசியில் ஒரு கையெழுத்து. அது இல்லாவிட்டால் வெறும் பழைய படம், இருந்தால் ஆவணம். விலையும் அதற்கேற்ப ஏறும். ஏமாற்றும் அங்கேதான் நுழைகிறது.

1854-ல் பாரிஸ் புகைப்படக்காரர் டிஸ்டேரி, விசிட்டிங் கார்டு அளவுப் படத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள், செலவு குறைந்தது. 1860-ல் லண்டனில் மேயால் எடுத்த விக்டோரியா குடும்பப் படங்கள் விற்பனைக்கு வந்தபோது, அரச முகங்கள் சாதாரண வீட்டு ஆல்பங்களிலும் இடம்பிடித்தன. கடையில் காசு கொடுத்தால் படம் கிடைத்தது. கையெழுத்திட்ட படமோ, அரச குடும்பத்தார் உறவினருக்கும் விருந்தினருக்கும் தந்த மரியாதை.

சமஸ்தானங்களும் பின்தங்கவில்லை. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் ராம்சிங் தானே கேமராவைக் கையிலெடுத்து அந்தப்புரப் பெண்களையும் படம் பிடித்தார். நிஜாமின் புகைப்படக்காரர் லாலா தீனதயாள், 1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ திறந்தார். அதை நடத்தியதும் ஒரு பெண்தான். ஆனாலும் பர்தா வழக்கத்தால் ராணிகளின் படங்கள் அபூர்வம்.

அசலை அறிய முதல் ஆயுதம் பூதக்கண்ணாடி. மொத்தமாக விற்ற அட்டைகள் சிலவற்றில் கையெழுத்தும் சேர்த்தே அச்சிடப்பட்டது. அச்சு என்றால் ஒரே சீரான கறுப்பு, அல்லது புள்ளிகள். பேனா என்றால் அழுத்திய இடத்தில் மசி தேங்கியிருக்கும். கோடுகள் வெட்டும் இடத்தில் கருமை கூடும்.

அடுத்த ஆயுதம் வரலாறு. இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்துக்கு வழிசெய்த சட்டம் 1876-ல்தான் நிறைவேறியது. பேரரசியைக் குறிக்கும் 'ஐ' என்ற எழுத்தோடு விக்டோரியா 1865-ல் கையெழுத்திட்டதாக ஒரு படம் வந்தால், சந்தேகமே வேண்டாம். அட்டையின் பின்புறத்து ஸ்டூடியோ முத்திரையும் சாட்சி சொல்லும்: படத்தின் தேதிக்குப் பிறகு தொடங்கிய ஸ்டூடியோ அதை எடுத்திருக்க முடியாது.

போலியைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. காலப்போக்கில் அரண்மனைப் பொருள்கள் பல கைமாறின. முழு ஆல்பத்தைவிடத் தனித்தனி அட்டைகள் லாபம் என்று வியாபாரிகள் பிரித்து விற்கும்போது, யார் யாருக்குக் கொடுத்தார், பக்கத்தில் இருந்தவர் யார் என்ற விவரம் அழிகிறது. பெயர் தெரியாத இளவரசி அப்புறம் என்றென்றைக்கும் பெயர் தெரியாதவர்தான். ஆல்பமாகக் கிடைத்தால் ஆல்பமாகவே வாங்குவது உத்தமம். முடியாதபோது பக்க வரிசையையாவது படம் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கியபின் வெளிநாட்டுக்கு விற்கும் ஆசை வேண்டாம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் பிறந்தவை. வெயில் பட்டால் வெளிறும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். லாமினேஷன் கூடவே கூடாது. அமிலமற்ற காகித உறை, இருட்டான அலமாரி போதும். எங்கே வாங்கியது, யாருடையது என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறைக்குப் படத்தோடு அதன் கதையும் போய்ச்சேரும்.