கடை வாசலும் சைக்கிள் பாதையும்

கடந்த மாதம் ஒரு நாள் காலை, பாடசாலை தொடங்குகின்ற நேரம். எனது கடைக்கு வந்த அரிசி மூட்டைகளை இறக்கி, வழமை போல வீதியோரத்தில் அடுக்கி வைத்திருந்தோம். சைக்கிளில் வந்த ஒரு மாணவி அந்த மூட்டைகளுக்கு விலகி நடு வீதிக்குத் திருப்பினாள். பின்னால் ஒரு கன்டர் வாகனம். சாரதி சடுதியாக பிரேக் பிடித்தார். பிள்ளை தடுமாறி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, புத்தகப் பையில் மண். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போய்விட்டது.

கூடி நின்றவர்கள் எல்லோரும் சாரதியைத்தான் ஏசினார்கள். நானும் சேர்ந்து ஏசினேன். கடைக்குள் வந்து உட்கார்ந்து தேநீரைக் கையில் எடுத்த பிறகுதான் மனது உறுத்தத் தொடங்கியது. சாரதி தன் பாதையில் வந்தார். பிள்ளையும் தன் பாதையில்தான் வந்தாள். அவளுடைய பாதையில் கிடந்தவை என்னுடைய மூட்டைகள்.

வியாபாரப் பகுதியில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எமது பிரதேசத்தின் சிறு வியாபாரம் சைக்கிளில்தான் வளர்ந்தது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோர்னை அமுக்கி ஊர் ஊராகப் போனவர், தயிர்ச் சட்டிகளை ஆடாமல் அசையாமல் கொண்டுபோனவர், விறகு கட்டியவர், பாண் விற்றவர், புடைவைப் பொட்டலத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர் என்று எத்தனை பேர்! இன்று கிண்ணியாவில் மாடிக் கடை வைத்திருக்கும் சிலரின் வாப்பாமார் இவர்கள்தான். எனது வாப்பா கடை தொடங்கியபோது அவரிடம் இருந்த பெரிய சொத்து ஒரு பழைய சைக்கிள். பின் கரியரில் பலகை போட்டு, ஒரு மூட்டை சீனியை வைத்து, தள்ளிக்கொண்டு வருவார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பேன். திருகோணமலைப் பக்கம் போவதானால் கிண்ணியாத் துறையில் பாதை வரும்வரை சைக்கிளோடு வெயிலில் காத்து நிற்க வேண்டும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்ட, 396 மீற்றர் நீளமான பாலம். அதன் பின் எமது வியாபாரத்தின் முகமே மாறியது. லொறி நேரே கடை வாசலுக்கு வந்தது. வீதிகள் காபட் ஆகின. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பாலத்தால் அதிகம் பயன் அடைந்தவர்களில் நாமும் அடக்கம். ஆனால் வீதி நன்றாக ஆக, வாகனங்களின் வேகம் கூடியது. வேகம் கூடக் கூட, சைக்கிள்காரன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். ஓரத்திலோ எங்கள் மூட்டையும், விளம்பரப் பலகையும், மூடியில்லாத வடிகானும், நிறுத்தி வைத்த ஓட்டோவும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஓரம் சேறு. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடு. இதற்குள் அவன் எங்கே ஓடுவது?

சைக்கிள் ஏழையின் வாகனம், அதன் காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2022ஆம் ஆண்டு நல்ல பாடம் தந்தது. ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரவு பகலாக வரிசை. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. டயர், ரியூப் தேடி மனிதர் அலைந்தார்கள். சைக்கிள் திருத்துபவரின் கொட்டிலுக்கு முன்னாலும் ஒரு வரிசை நின்றது. பல வருடங்களாகச் சைக்கிள் மிதிக்காத நானும் முழங்கால் நோக நோகக் கடைக்குப் போய் வந்தேன்.

அப்போது நான் கண்ட ஒரு விடயத்தை வியாபாரி என்ற முறையில் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் பறந்து போனவர் சைக்கிளில் வந்தபோது கடைக்குக் கடை நின்றார். தூரத்துக் கடையை விட்டு அயல் கடையில் சாமான் வாங்கினார். ஒரேயடியாக அதிகம் வாங்கமாட்டார். கரியர் தாங்குகின்ற அளவுக்குத்தான் வாங்குவார். ஆனால் இரண்டு நாளில் மீண்டும் வருவார். சில்லறைக் கடைக்காரனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் யார்? பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் நாம் அதை மறந்துவிட்டோம். அண்மையில் ஒரு காலை, கடைக்கு வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தேன். நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களே அதிகம். அவர்களில் ஒருவருக்குக்கூட சைக்கிளை ஒழுங்காக நிறுத்த என் வாசலில் இடம் இருக்கவில்லை.

சட்டம்கூட சைக்கிளை வியாபார வாகனமாக மதித்திருக்கிறது. பிரதேச சபைகள் வருடாவருடம் வெளியிடும் வாகன, விலங்கு வரி அறிவித்தல்களைப் பாருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் துவிச்சக்கர வண்டிக்கு 18 ரூபா, ஏனையவற்றுக்கு 4 ரூபா என்று இருக்கும். தொகை அற்பம்தான். ஆனால் ஒரு வாகனத்துக்கு வரி கேட்கலாம் என்றால், அது ஓடுவதற்கு வழி கேட்கவும் அந்த வாகனக்காரனுக்கு உரிமை உண்டல்லவா?

இனி, எமது ஊர் மறக்க முடியாத நாளைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் நிர்மாண வேலைக்காகப் பழைய வழி இல்லாமல் போன நிலையில், பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிச் சென்ற படகுப் பாதை காலை நேரத்தில் கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேரின் ஜனாஸாக்களை அன்று கண்டோம். எண்ணிக்கை பிறகும் கூடியது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் சொல்ல வருவது வேறு. பாலம், வீதி என்று பேசும்போதெல்லாம் நாம் லொறி போகுமா, பஸ் போகுமா என்றே கேட்கிறோம். புத்தகப் பையோடு போகும் பிள்ளை எந்த வழியால் போகும் என்று கேட்பதில்லை. கேட்கிற ஞாபகம் ஜனாஸா வீட்டில்தான் வருகிறது.

ஒல்லாந்து நாட்டை இன்று சைக்கிள் நாடு என்கிறார்கள். அது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971இல் அந்நாட்டு வீதிகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கினார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசாங்கமே கட்டளையிட்டது. பிள்ளைகளின் மரணமும் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து அந்தச் சமூகத்தைச் சிந்திக்க வைத்தன. காலப்போக்கில் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் வந்தன. எமக்கும் இரண்டு சோதனைகளும் அடுத்தடுத்த வருடங்களில் வந்தன. ஆனால் நாம் என்ன செய்தோம்?

ஒல்லாந்தைப் போல கோடிக் கணக்கில் செலவு செய்ய எம்மிடம் வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அவற்றில் பாதி வியாபாரிகளாகிய எமது கையில்தான் இருக்கிறது.

முதலாவது, பாடசாலை தொடங்குவது ஏழரை மணிக்கு, முடிவது ஒன்றரைக்கு. அந்த இரண்டு வேளையிலும் அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் லொறியில் சாமான் இறக்குவதில்லை என்று கடைக்காரர் எல்லோரும் ஒரு முடிவுக்கு வரலாம். லொறிக்காரரிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். இரண்டாவது, மூட்டையும் பலகையும் வடிகானுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். வீதி ஓரம் எமது களஞ்சியம் அல்ல. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதையும் ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் எம்முடையது. அப்படியிருக்க முள்ளை நாமே கொண்டுவந்து போடலாமா? மூன்றாவது, கடை வாசலில் நாலு சைக்கிள் நிறுத்த ஓர் இரும்புச் சட்டம். பழைய குழாயில் ஒட்டுக்காரர் ஒரு நாளில் செய்து தருவார். நான்காவது, சைக்கிள் வைத்திருக்கும் கடைப் பையன்களுக்குப் பின்னால் ஒட்டும் சிவப்புப் பளபளப்பு நாடாவை முதலாளியே வாங்கிக் கொடுக்கலாம். மாலை மங்கிய பின் அவர்கள் வீடு போய்ச் சேருவது எமது பொறுப்பும்தான்.

மீதியை நாம் கேட்டுப் பெற வேண்டும். நகர சபையிடமும் பிரதேச சபையிடமும் வடிகானுக்கு மூடி கேட்போம். வீதி அதிகார சபை எமது பிரதேசத்தில் எந்த வீதியைத் திருத்தினாலும், எந்தப் பாலத்தைக் கட்டினாலும், ஓரத்தில் சைக்கிளும் நடையாளும் பயமில்லாமல் போக இடம் விடப்பட்டுள்ளதா என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்போம். கொங்கிரீட் போட்ட பிறகு கேட்பதில் பயனில்லை. வர்த்தக சங்கக் கூட்டங்களில் வரியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் மணிக்கணக்காகக் கதைக்கிறோம். இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

விழுந்த அந்தப் பிள்ளை மறுநாளும் சைக்கிளில் வந்தாள். என் கடையைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பி மூட்டைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள். இடம் வெறுமையாக இருந்தது. அன்று முதல் அதை வெறுமையாகவே வைத்திருக்கிறேன். வியாபாரம் எதுவும் குறைந்துவிடவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். இதை வாசிக்கும் நீங்கள் நாளைக் காலை கடையைத் திறக்கும்போது வாசலில் இறங்கி நின்று, ஒரு சைக்கிள் போக இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.