நூலின் முகப்பில் யார் பெயர்?

நூலகத்தில் நின்று ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது நாம் எதனை நோக்குகிறோம்? தலைப்பை நோக்குகிறோம், சில பக்கங்களைப் புரட்டி நடையை நோக்குகிறோம். இவற்றோடு ஆசிரியர் பெயரும் நம் கண்ணிற் படுகிறது. அப்பெயர் ஆணுடையதா பெண்ணுடையதா என்பது நம் தேர்வில் ஒரு பொருட்டாக வேண்டுமா?

'வேண்டா' என்றே கற்றோர் பலரும் விடை கூறுவர். சொல்பவர் யார் என்று பாராது சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ என்றும் வினவுவர். அவ்விடை நேரியதே; எனினும் அது பாதி விடைதான் என்பது நம் கருத்து. ஒரு நூலை மதிப்பிடும்போது ஆசிரியர் ஆணா பெண்ணா என்று கேட்பது தவறு. நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதனைக் கேளாதிருப்பதும் தவறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீட்டில் ஏன் கேட்கலாகாது?

தமிழ் இலக்கியத்தின் தொடக்கமே இதற்குச் சான்று பகர்கிறது. சங்க அகப்பாடல்களைப் பாடியோருள் பெரும்பாலோர் ஆண்கள். ஆயினும் அப்பாடல்களில் பேசுவோர் தலைவியும் தோழியும் செவிலியும் நற்றாயும் ஆவர். கபிலரின் குறிஞ்சிப் பாடல்களில் நாம் கேட்பது பெரிதும் பெண்களின் குரலே. மறுபுறம், ஔவையார் தகடூர் அதியமானின் வீரத்தையும் கொடையையும் பாடினார். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூதும் சென்றார். அத்தகடூரே இன்றைய தருமபுரி. 1965ஆம் ஆண்டு வரை அது நம் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே, போர் ஆணின் பொருள், பிரிவுத் துயர் பெண்ணின் பொருள் என்ற பாகுபாடு நம் முன்னோரிடம் இல்லை.

பிற்காலத்திற்கும் இது பொருந்தும். ராஜம் கிருஷ்ணன் நீலகிரிப் படுகர் வாழ்வைக் 'குறிஞ்சித் தேன்' என்னும் நாவலாக்கினார்; தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலாக்கினார். அவ்வவ்விடங்களுக்கே சென்று, மக்களோடு பழகி எழுதியவர் அவர். பெண் எழுத்து என்றால் அடுக்களைக் கதை என்று ஒதுக்குவோர் அவர் நூல்களைப் படித்துப் பார்த்துப் பின்னர்ப் பேசட்டும். கொங்கு நாட்டில் ஆர். சண்முகசுந்தரம் என்னும் ஆண் 1942இல் 'நாகம்மாள்' எழுதினார். கணவனை இழந்த ஒருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் கதை அது. அந்நூலின் தகுதியை அதன் எழுத்தே காட்டுகிறது. ஆசிரியர் ஆண் என்பதால் அது கூடவுமில்லை, குறையவுமில்லை.

தேர்வில் ஏன் கேட்க வேண்டும்?

இங்கு நம் சமுதாயப் பெரியோர் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டை முன்வைக்க விரும்புகிறோம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரை ஆராயும்போது அவருடைய நேர்மையையும் நினைவாற்றலையும் நோக்கினர். பெண் என்ற ஒரே காரணத்தால் அறிவிப்பைத் தள்ளும் விதி அக்கலையில் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தவையாக 2,210 ஹதீஸ்கள் கூறப்படுகின்றன. மதிப்பீட்டில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லற வாழ்வு பற்றிய செய்திகள் பலவும் அவ்வன்னையின் வாயிலாகவே உலகிற்குக் கிடைத்தன. வெளியில் நின்ற தோழர்கள் எத்துணை நேர்மையாளராயினும் வீட்டினுள் நிகழ்ந்ததை அவர்களால் கண்டு கூற இயலாது. பெண்களின் அறிவிப்பை நாடாதிருந்தால் அப்பகுதி நமக்குக் கிட்டாமலே போயிருக்கும். தீர்ப்பில் வேற்றுமை பாராமையும், தேடலில் விழிப்பாயிருத்தலும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பது இதனால் விளங்கும்.

முகப்பில் பெயரிடுவது எளிய செயலாக என்றும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1847இல் 'ஜேன் அயர்' வெளிவந்தபோது, சார்லட் பிராண்டி தம் பெயரை மறைத்துக் 'கரர் பெல்' என்ற பெயரைப் பூண்டார். மேரி ஆன் எவன்ஸ் 'ஜார்ஜ் எலியட்' என்னும் ஆண் பெயரில் எழுதினார். தமிழிலோ ரங்கராஜன் என்பவர் தம் மனைவியின் பெயரைப் பூண்டு 'சுஜாதா' ஆனார். அதனால் அவருக்கு வாசகர் குறையவில்லை. ஆண் பெண்பெயர் பூண்டது வசதிக்காக. பெண் ஆண்பெயர் பூண்டது தடைக்கு அஞ்சி. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

தமிழ் முஸ்லிம் பெண்டிர் இத்தடையைத் தாண்டிய வரலாறு பெருமைக்குரியது. கீழக்கரைச் செய்யிது ஆசியா உம்மா, தென்காசி இறசூல் பீவி, இளையான்குடிக் கச்சிப்பிள்ளையம்மாள் ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்களைத் தமிழில் பாடினர். நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றதில்லை. அவர் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார், அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை அளித்துச் சிறப்பித்தார். இத்தனைக்குப் பின்னரும், துவரங்குறிச்சியில் பிறந்த ஒரு கவிஞர் குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் 'சல்மா' என்னும் புனைபெயரில் ஒளிந்து எழுத வேண்டியிருந்தது. அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. முன்னவரின் நூலுக்கும் பின்னவரின் நூலுக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகள். அவ்வளவு காலம் கழிந்தும் பெயரிடத் தயங்கும் நிலை நீங்காதது வாசகராகிய நம்மையும் சிந்திக்கச் செய்தல் வேண்டும்.

நம் சமவெளியின் நிலை

இவ்வினா நம் மண்ணில் பிற இடங்களைவிடக் கூர்மையாக எழுகிறது. பெண் சிசுக்களைக் காக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் முன்னர், இரண்டும் ஒன்றாயிருந்த காலம் அது. பெண் பிறப்பதையே சுமையாகக் கருதிய குடும்பங்கள் வாழ்ந்த நிலத்தில், ஒரு பெண் எழுதிய நூலை விரும்பித் தேடுவது வெறும் படிப்புப் பழக்கமாக மட்டும் இராது. அவள் சொல்லுக்குச் செவி உண்டு என்று காட்டும் செயலாகவும் அமையும்.

நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' எழுதினார். பிள்ளையில்லாத பொன்னா என்பாள் ஊராரின் ஏச்சுக்கு ஆளாவதை அது கூறுகிறது. அந்நூல் குறித்துப் பின்னர் எழுந்த பூசலை ஊரறியும். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆசிரியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நாம் ஈண்டு எண்ணுவது வேறொன்று. பொன்னாவின் துயரை ஓர் ஆண் எழுதினார். நாகம்மாளின் சினத்தையும் ஓர் ஆணே எழுதினார். அந்நூல்கள் போற்றத்தக்கன. ஆனால் பொன்னாவைப் போன்ற ஒருத்தி தானே எழுதினால் எதனைச் சொல்வாள், எதனைச் சொல்லாமல் விடுவாள்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியோடு இரவைக் கழிக்கும் பெண், சேலத்துப் பட்டறையில் கொலுசுக்கு மணி கோக்கும் பெண், வடநாட்டுக்கு லாரி ஓட்டிச் சென்ற கணவனின் வரவை எண்ணி நாள் கடத்தும் பெண் ஆகியோர் எழுதக்கூடிய கதைகள் எத்தனை! வாங்குவார் இருந்தால்தான் பதிப்பிப்பார் இருப்பர். பதிப்பிப்பார் இருந்தால்தான் எழுதுவார் துணிவர்.

மறுப்பும் விடையும்

'வீட்டுச் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவருதல் முறையா?' என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். குடும்பத்தின் மானம் கருதி எழும் அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் அதே செய்தியை ஓர் ஆண் எழுதும்போது இலக்கியம் என்றும், பெண் எழுதும்போது இழிவு என்றும் கொள்வது நீதியாகாது. நூலில் குறையிருந்தால் குறையைச் சுட்டலாம். எழுதியவள் பெண் என்பது குறையாகாது. 'பெண் எழுதியது என்பதற்காகத் தரமற்ற நூலையும் போற்ற வேண்டுமா?' என்று மாணவர் கேட்கலாம். வேண்டா. அத்தகைய இரக்கம் பெண் எழுத்துக்குச் செய்யும் அவமதிப்பேயாகும். தேடி எடுங்கள், எடுத்தபின் தயவின்றி எடை போடுங்கள்.

சாகித்திய அகாதெமி 1955ஆம் ஆண்டு முதல் பரிசு வழங்கி வருகிறது. தமிழுக்காக அப்பரிசு பெற்ற பெண்கள் என்று நினைவிற்கு வருவோர் ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), திலகவதி (2005), அம்பை (2021) எனக் கைவிரல்களுக்குள் அடங்குவர். தானாகவே எல்லாம் சமன்படும் என்று வாளாவிருந்தால் எத்துணைக் காலம் பிடிக்கும் என்பதை இவ்வாண்டுகளே உணர்த்தும்.

நாம் செய்யத்தக்கன

ஆகவே சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம். மாணவர்கள் 'அது பெண்கள் படிக்கும் கதை' என்று எந்நூலையும் ஒதுக்க வேண்டா. தாயும் தமக்கையும் எண்ணுவதை அறிய விரும்பும் ஆண்மகனுக்கே அந்நூல்கள் மிகவும் பயன்படும். மாணவியர் பெண் எழுத்தோடு நின்றுவிடாமல் அறிவியலும் வரலாறும் பயணமும் ஆகிய எத்துறை நூலையும் உரிமையோடு எடுத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் பரிசு நூல்களையும் நூலகத்திற்கு வாங்கும் நூல்களையும் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலில் பெண் பெயர்கள் உள்ளனவா என்று ஒருமுறை சரிபார்த்தல் நன்று. பெரியோர் தம் இல்லத்து அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். அங்கே பெண் எழுதிய நூல் ஒன்றுமில்லையேல், அடுத்த பெருநாளில் பிள்ளைகளுக்குப் புத்தாடையோடு அத்தகைய நூல் ஒன்றையும் வாங்கித் தரட்டும்.

முகப்பில் உள்ள பெயர் ஒரு நூலின் தகுதியை நமக்குச் சொல்லாது. ஆனால் நாம் படித்த நூல்களின் முகப்புகளை வரிசையாக அடுக்கி நோக்கினால், நாம் இதுவரை யாருடைய பேச்சுக்குச் செவி கொடுத்தோம், யாருடைய பேச்சைக் கேளாது கடந்தோம் என்பதை அவ்வரிசை தெளிவாகச் சொல்லிவிடும். அவ்வரிசையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு வாசகராகிய நம்முடையதே.