கனிவு கூலியாகுமா?

அமெரிக்க வர்த்தகக் கல்லூரிகளில் "உணர்ச்சி நுண்ணறிவு" என்றொரு பாடம்! 1990ல் சலோவே, மேயர் என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 1995ல் டேனியல் கோல்மன் புத்தகம் போட்டுப் பரப்பினார். தொழிலாளியின் மனமறிந்து பேசு, பொறுமையாகக் கேள் என்று நாளைய மானேஜர்களுக்குப் போதிக்கிறார்கள்.

சரக்கு பழசு! 1928 முதல் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 20,000க்கு மேற்பட்ட தொழிலாளரிடம் உட்கார்ந்து குறை கேட்டார்கள். ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ அதைப் புகழ்ந்து எழுதினார். 1929ல் நெருக்கடி வெடித்தது. காது கொடுத்த அதே கம்பெனி ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியது!

தோழர்களே! வசவை விட நல்ல வார்த்தை மேல்தான். ஆனால் பண்ணையார் சிரித்துப் பேசினால் மரக்கால் பெரிதாகிவிடுமா? மானேஜர் தோளில் கை போட்டால் கேளுங்கள்: கூலி எவ்வளவு? வேலை நேரம் எவ்வளவு? சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா? பதில் எழுத்தில் வரட்டும்!