ஆளில்லாத புனிதம் ஆருக்கு?

மிகுபுனைவு நாவல்களில் ஒரு பழைய கோயில், வெறும் பாலை, நாலைஞ்சு சனம் எண்டு ஓரிடம் வந்தால் போதும், எங்கட ஆக்கள் உடனே உருகிவிடுவினம்: "என்ன அமைதி, என்ன புனிதம்!" நான் கேக்கிறது ஒண்டுதான். அந்த அமைதிக்கு ஆர் விலை குடுத்தது?

ஊர்சுலா லெ குவின் 1971 இல் வெளியிட்ட 'அட்டுவானின் கல்லறைகள்' நாவலை எடுங்கோ. எர்த்ஸீ உலகில், அட்டுவான் தீவின் பாலையில் ஒன்பது கற்கள். கீழே வெளிச்சம் கொண்டுபோகக்கூடாத நிலவறை. அங்கே தலைமைப் பூசாரியாக்க, டெனார் எண்ட பிள்ளையை ஐந்து வயதில் வீட்டிலிருந்து பிரிச்சு, பெயரையும் பறிக்கிறார்கள். புதுப்பெயர் அர்ஹா. பொருள்: உண்ணப்பட்டவள்.

அந்த வழிபாடு எப்பவோ தேய்ந்துவிட்டது. மண்டபம் இடிஞ்சு கிடக்கு. பிறகு ஏன் அதை வைத்திருக்கிறார்கள்? ஆட்சியிலிருக்கும் கடவுள்-அரசன் தன் கைதிகளைச் சாக அனுப்புவது அங்கேதான். தண்டனையை விதிப்பதோ, அந்தச் சின்னப்பெட்டை. சனம் இல்லாத இடத்தில் சாட்சியும் இல்லையே!

"எல்லாம் மூடநம்பிக்கை எண்டு சொல்லுற கதைதானே" எண்டு தள்ளிவிடவும் ஏலாது. அங்குள்ள இருட்சக்திகள் மெய்யானவை எண்டுதான் லெ குவின் எழுதுகிறார். ஆனால் வலிமை இருக்கு எண்டதுக்காக ஒன்று வணங்கத்தக்கதாகிவிடாது. நாவலின் உயிர் இந்த வாதம்தான்.

கடைசியில் கல்லறைகள் இடிந்து விழும். அதை அழிவு எண்டு வருந்துகிறவர்களிடம் சொல்லுறன்: வெளியே வந்த டெனார் அழுகிறாள். கற்களுக்காக அல்ல, வீணாய்ப்போன தன் வருடங்களுக்காக.