குழந்தையின் உயிரா, அன்றாடக் கூலியா?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் தலைவிதியல்ல. அதற்கு மருந்து உண்டு. வைத்தியம் தெரிந்த டாக்டர்களும் உண்டு. அப்படியிருந்தும் ஏழை வீட்டுக் குழந்தைகள் ஏன் சாகிறார்கள்?

1948-ல் அமெரிக்க டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை உலகுக்கு அறிவித்தார். அம்மருந்து பிறந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சுப்பாராவ்.

சென்னை அதோடு நின்றுவிடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-ல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. 1980-களில் அடையாறும் பம்பாய், டில்லி ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற ஒரே வைத்திய முறையைக் கையாளத் தொடங்கின. நூற்றுக்கு இருபது குழந்தைகள்கூடப் பிழைக்காத ரத்தப் புற்றுநோயில், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கலாயினர். 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே கொடுத்தார்.

ஆனால் டாக்டர் மட்டும் போதுமா? பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் குணமடைகிறார்கள்; ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுகூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் ஒன்றுதான், வாழ்வுதான் வேறு!

எளாவூரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கு இந்நோய் வந்தால் என்ன நடக்கும்? ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டாண்டுக்கு மேல் வைத்தியம் தேவை. சென்னைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். சில மாதங்களில் காய்ச்சல் நின்று, குழந்தை ஓடியாடத் தொடங்குகிறது. கடனோ கழுத்தை நெரிக்கிறது. வைத்தியம் பாதியில் நிற்கிறது. ஒளிந்திருந்த நோய் திரும்பி வருகிறது. இதற்குத் தகப்பனைக் குறை சொல்வது அநியாயம்.

சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் வைத்தியச் செலவை ஏற்கிறது, உண்மைதான். இழந்த கூலியை யார் தருவது? ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்ட தொழிலாளியின் குழந்தைக்கு வைத்தியம் உண்டு. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள லீவு எடுத்தால், நோய்க்கால உதவித்தொகை இல்லை. அது தொழிலாளியே நோயுற்றால் மட்டும்தான்!

இன்னொரு கொடுமை தாமதம். கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். உடனே கண்டால் பெரும்பாலும் உயிரைக் காக்கலாம். பல சமயம் பார்வையையும் காக்கலாம். விட்டுவிட்டால் கண் நரம்பு வழியே மூளைக்கு ஏறும். இதைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் யந்திரம் வேண்டாம். அங்கன்வாடியில் ஒரு கைவிளக்கும் பயிற்சி பெற்ற கண்களும் போதும்.

எனவே நாம் கோருகிறோம்:

புற்றுநோய் கண்ட குழந்தையின் பெற்றோரில் ஒருவருக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். தினக்கூலிக்காரர்களுக்குச் சர்க்கார் உதவித்தொகை வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் விடாமல் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளின் அருகே இலவசத் தங்குமிடமும் உணவும் வேண்டும்.

வைத்தியத்துக்கு வரத் தவறிய குழந்தையைக் கிராம நர்ஸ் வீடு தேடிப் போய் அழைத்துவர வேண்டும்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் பலன் எளாவூர்க் குடிசைக்கும் எட்டச் செய்வது சர்க்காரின் கடமை. அதைச் செய்ய வைப்பது நம் அனைவரின் கடமை.