கண்ணை விற்றுப் பொக்கே வாங்கலாமா?

போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்க யாரிடம் யோசனை கேட்டாலும் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை பொக்கே. பின்னணி எப்படி வெண்ணெயாய்க் கரைகிறது பாருங்கள், தூரத்து விளக்கெல்லாம் எப்படி உருண்டை உருண்டையாய்ப் பூக்கிறது பாருங்கள் என்று படம் படமாய்க் காட்டுவார்கள். சரி, படத்தில் இருக்கிற ஆளின் கண் ஷார்ப்பாக இருக்கிறதா? "போர்ட்ரெய்ட்டுக்கு எதுக்குங்க ஆட்டோஃபோகஸ் வேகம்? ஆள் சும்மாதானே உட்கார்ந்திருக்கார்!" என்று பதில் வரும்.

இந்தப் பதிலில்தான் கோளாறே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரை யாராவது பார்த்ததுண்டா? மூச்சு விடுகிறார், சிரிக்கிறார், பேச்சு சுவாரசியத்தில் முன்னால் சாய்கிறார். குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை மாட்டி, எஃப்/1.2-ல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால், ஷார்ப்பாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 2 செ.மீ. இமையில் ஃபோகஸ் விழுந்த பிறகு அவர் 2 செ.மீ. முன்னால் சாய்ந்தால் கண் போச்சு, காது மட்டும் பளிச்சென்று இருக்கும் :)

ஆக, வேகம் மிக அதிகமாகத் தேவைப்படுவது இந்த லென்ஸுகளுக்குத்தான். அதுதான் அவற்றில் பலவற்றிடம் இல்லை. காரணம் எளிது, கண்ணாடியின் கனம். 2006-ல் வந்த கேனான் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.2எல் இரண்டாம் பதிப்பின் எடை 1025 கிராம். ஃபோகஸ் செய்ய அந்தப் பெரிய கண்ணாடிக் கூட்டத்தையே மோட்டார் தள்ள வேண்டும். 1989-ல் வந்த முதல் பதிப்பைவிட வேகம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்படியும் அது நிதானமாகத்தான் நகரும். அதே நிறுவனத்தின் 1992-ஆம் வருட 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ வெறும் 425 கிராம். சட்டென்று போய் நிற்கும். பின்னணியும் ஒன்றும் மோசமில்லை.

மங்கலை இன்னும் மிருதுவாக்க வடிகட்டி வைத்த கதை அடுத்தது. ஃபியூஜிஃபிலிம் 2014-ல் 56 மி.மீ. எஃப்/1.2 ஏபிடி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் வடிகட்டி நடுவில் தெளிவாகவும் ஓரம் போகப் போக இருட்டாகவும் இருக்கும். அதனால் மங்கல் வட்டங்களின் விளிம்பு கரைந்து அழகாகிறது. ஆனால் ஃபேஸ் டிடெக்ஷன் ஆட்டோஃபோகஸ் வேலை செய்வதே லென்ஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான். ஓரத்தை இருட்டாக்கினால் அது எதை ஒப்பிடும்? அதனால் வெளிவந்தபோது இந்த லென்ஸில் அந்த முறையே இல்லை. முன்னும் பின்னும் தேடிப் பார்க்கிற கான்ட்ராஸ்ட் முறை மட்டும்தான். வடிகட்டி இல்லாத அதே 56 மி.மீ. லென்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை!

இந்த விஷயத்தில் 1999-ல் வந்த மினோல்ட்டா 135 மி.மீ. எஸ்டிஎஃப் எவ்வளவோ நேர்மையானது. வடிகட்டி உண்டு, ஆட்டோஃபோகஸ் அறவே கிடையாது. வாங்குகிறவருக்கு என்ன இழக்கிறோம் என்று முதலிலேயே தெரியும்.

"இப்போதுதான் மிரர்லெஸ் கேமரா தானே கண்ணைத் தேடிப் பிடிக்கிறதே?" என்பார்கள். பிடிக்கிறது, உண்மை. ஆனால் கண் எங்கே என்று கண்டுபிடிப்பதோடு கேமராவின் வேலை முடிந்தது. கண்ணாடியை அந்த இடத்துக்குக் கொண்டுபோவது லென்ஸின் மோட்டார். வேகம் தேவையே இல்லை என்றால், 2024-ல் சோனி தன் 85 மி.மீ. எஃப்/1.4 ஜிஎம் இரண்டாம் பதிப்பில் இரண்டு மோட்டார்களை ஏன் வைத்தது? எடையை ஏன் 820 கிராமிலிருந்து 642 கிராமுக்கு இறக்கியது? விற்கிறவர்களுக்கே தெரிந்த உண்மையை வாங்குகிறவர்கள் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு? கேமராவுக்கு முன்னால் இருப்பவருக்குத்தான். "ஆடாதீங்க, அப்படியே இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி, சிரித்துக்கொண்டிருந்த முகத்தைப் பாஸ்போர்ட் முகமாக்கிவிடுகிறார்கள். கடைசியில் பின்னணி மட்டும் உயிரோடு இருக்கிறது.

ஸ்டுடியோவில், பொறுமையாக உட்காரும் ஆளை, பொறுமையாக எடுப்பவருக்கு மிருதுவான மங்கல் தாராளமாக ஆகட்டும். கல்யாண வீட்டிலும் குழந்தைகள் ஓடும் முற்றத்திலும் எடுக்கப் போகிறவர், பழைய லென்ஸைக் கடன் வாங்கியாவது வாங்குமுன் ஒரு சோதனை செய்யட்டும். ஒருவரைத் தன்னை நோக்கி நடந்து வரச் சொல்லிப் பத்துப் படம் எடுக்கட்டும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்கட்டும்.

பின்னணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.