விரலைப் பிடுங்கிக்கொண்டு வேகம் கேட்கிறார்கள்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரைபடம் போடும் அலுவலகங்களில் "ஆட்டோகேட் ஷார்ட்கட்டை யாரும் மாற்றக் கூடாது" என்று பூட்டு போடுகிறார்களே, அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஒழுங்கு இல்லை. ஒருவர் இருபது வருடம் பழகிய கைத்தொழிலை ஒரே நாளில் பறிக்கும் வேலை.

"பி.காம் படிச்சுட்டு பேங்க்ல உக்காந்திருக்கிற உனக்கு ஆட்டோகேட்ல என்னய்யா வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே பரோடாவில் பாலிடெக்னிக் டிப்ளமோவோடு ரயிலேறி வந்த நம் ஊர்க்காரர்கள் பலர் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த டிராஃப்டிங் வேலையில்தான். எங்கள் பக்கத்து பிளாக் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், வயது ஐம்பதை நெருங்குகிறது. அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) புது வெர்ஷன் போட்டார்கள். பழைய ஷார்ட்கட் எல்லாம் போச்சு. திரும்பப் போட அனுமதியும் இல்லை. வருடக் கடைசி அப்ரைசலில் "வேகம் குறைவு" என்று எழுதிவிட்டார்கள். "விரலைப் பிடுங்கிட்டு வேகம் எங்கேன்னு கேக்காங்க சார்" என்றார். தலைப்பு அவர் கொடுத்ததுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஆட்டோகேட் 1982-ல் வந்த மென்பொருள். கட்டளையைத் தட்டச்சு செய்தே வளர்ந்தது. 'எல்' தட்டினால் கோடு, 'சி' தட்டினால் வட்டம். இந்தச் சுருக்கங்கள் 'அகேட்.பிஜிபி' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. ஒரு வரியில் சுருக்கம், ஒரு கமா, ஒரு நட்சத்திரக் குறி, கட்டளையின் பெயர். அவ்வளவுதான். கன்ட்ரோல் சாவியோடு சேர்த்து அழுத்தும் ஷார்ட்கட்டுகள் வேறு இடத்தில், 'சியுஐ' என்ற கட்டளைக்குள் இருக்கின்றன. இரண்டையுமே மாற்றிக்கொள்ள மென்பொருள் செய்தவர்களே வழி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த வழியை அடைப்பது நம்ம ஆபீஸ்தான்.

ஏன் மாற்ற வேண்டும்? வலது கை எப்போதும் மவுசில். தட்டச்சுக்கு மிச்சம் இடது கை மட்டும். ஆனால் நகர்த்துவதற்கு 'எம்', ஆஃப்செட்டுக்கு 'ஓ', கோட்டுக்கு 'எல்' என்று தினமும் நூறு முறை தேவைப்படும் எழுத்துகள் எல்லாம் கீபோர்டின் வலப்பக்கம். ஆகவே அனுபவசாலிகள் நகர்த்துவதற்கு 'விவி', காப்பிக்கு 'சிசி' என்று இடது கைக்குள் அடக்கிக்கொள்கிறார்கள்.

நம்ம தொழில் கணக்கு, ஆகவே ஒரு கணக்கு. நாளுக்கு 1000 கட்டளை, ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 2000 விநாடி, அதாவது 33 நிமிடம். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் சுமார் 139 மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கில் 17 நாள் சம்பளம். இதைக் கம்பெனி தானே தண்ணீரில் போடுகிறது. தோள்வலிக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

பூட்டு போடுகிறவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்.

ஒன்று, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்." எது ஒரே மாதிரி இருக்க வேண்டும்? லேயர் பெயர், கோட்டுத் தடிமன், எழுத்தளவு. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் எந்தச் சாவியை அழுத்திக் கோடு போட்டீர்கள் என்று கிளையன்டுக்குப் போகும் வரைபடத்தில் எங்கும் பதிவாவதில்லை. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிறதா என்றுதான் ஆடிட்டர் பார்ப்பார். எந்த விரலால் தட்டினாய் என்று கேட்பாரா?

இரண்டு, "செக்யூரிட்டி." இதில் பாதி உண்மை உண்டு. 2012-ல் மெட்ரே என்ற புழு ஆட்டோகேடின் லிஸ்ப் ஃபைல்கள் வழியாகப் பரவி வரைபடங்களைத் திருடி மின்னஞ்சலில் அனுப்பியது. ஆகவே லிஸ்ப் ஃபைல்களைப் பூட்டுங்கள், தப்பே இல்லை. நம்பகமான ஃபோல்டரிலிருந்து மட்டும் அவை ஓடும்படி செய்ய ஆட்டோகேட் 2014 முதலே வசதி இருக்கிறது. பிஜிபி ஃபைலில் வெளி புரோகிராமை ஓட்டும் வரியும் எழுதலாம் என்பது நிஜம். அந்த மாதிரி வரி இருக்கிறதா என்று பார்க்க ஐ.டி. ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.

மூன்று, "ஒருத்தர் சீட்டில் இன்னொருத்தர் உட்கார முடியாது." அந்த ஃபைல் ஒவ்வொருவர் லாகினுக்கும் தனித்தனியாக இருக்கக்கூடியது. அவரவர் லாகினில் வந்தால் அவரவர் சாவி.

எக்செலைப் பாருங்கள். 2007-ல் ரிப்பன் வந்து பழைய மெனு காணாமல் போனது. ஆனால் ஆல்ட், இ, எஸ், வி என்று தட்டினால் இன்றைக்கும் மதிப்பை மட்டும் ஒட்டுகிறது. பழைய விரலுக்கு மரியாதை கொடுத்தும் புதுசு செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழ்99-ஆ, டைப்ரைட்டரா, ரோமன் வழியா என்று வருடக்கணக்கில் சண்டை போட்ட நமக்கு விரல் பழக்கம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை :-)

இந்தத் தொழிலில் இருக்கும் வீடுகளுக்கு நான்கு விஷயம்:

1. உங்கள் சுருக்கங்களைத் தனி டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள். பிஜிபி ஃபைலின் கடைசியில் ஒட்டுங்கள். ஒரே சுருக்கம் இரண்டு முறை வந்தால் கடைசியில் இருப்பதுதான் செல்லும்.

2. ஒட்டியபின் 'ரீஇனிட்' கட்டளை கொடுத்து பிஜிபி கட்டத்தை டிக் செய்யுங்கள். மென்பொருளை மூடித் திறக்க வேண்டாம்.

3. கன்ட்ரோல் ஷார்ட்கட்டுகள் குழம்பிப் போனால் 'சியுஐ' உள்ளே முதன்மை ஃபைல் மேல் வலது கிளிக் செய்யுங்கள். 'ரீஸ்டோர்' முந்தைய நிலைக்கும், 'ரீசெட்' கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கும் கொண்டுபோகும். ரீசெட் கொடுத்தால் உங்கள் மாற்றங்கள் போய்விடும், முதலில் ஒரு நகல் எடுங்கள்.

4. படிக்கும் பிள்ளைகள் முதலில் ஒரிஜினல் சுருக்கங்களைப் பழகட்டும். இன்டர்வியூவில் அடுத்தவர் கம்ப்யூட்டரில்தான் உட்கார வைப்பார்கள். இதைச் சொல்லாமல் ஐகானைக் கிளிக் செய்ய மட்டும் கற்றுக்கொடுத்து ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இன்ஸ்டிடியூட்டுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அலுவலகங்களிடம் கேட்பது பெரிய சலுகை இல்லை. புது வெர்ஷன் போடும் அன்றே பழைய அமைப்பைப் புதியதற்கு மாற்றிக் கொடுங்கள். அதற்கென்றே மென்பொருளில் வசதி இருக்கிறது. அதைச் செய்யாதவர்கள் அப்ரைசலில் "வேகம் குறைவு" என்று எழுதாதீர்கள். தச்சரின் உளியைப் பிடுங்கிவிட்டு மேஜை ஏன் தாமதம் என்று கேட்கிறவருக்கு மேனேஜர் நாற்காலி எதற்கு?

டிஸ்கி: அண்ணாச்சியின் சுருக்கப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் பின்னூட்டத்தில் சொல்லவும். அவர் அனுமதி கொடுத்துவிட்டார்.